சந்தனம் வைத்த பென் டிரைவ்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், சோளக்காடு முடிகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடத்துக்கு ஒரு அம்மா. அம்மாவுக்கு மூன்று சீடர்கள். மூன்று சீடர்களுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர்.

சீடர்களில் ராமாத்தாள் சமைப்பாள். பூவாத்தாள் பாடுவாள். மூன்றாமவர் நாச்சிமுத்து. அவருக்குச் சமைக்கவும் வராது, பாடவும் வராது. முழங்கால் மடங்காததால் வாசல் பெருக்கவும் ஆகாது. அதனால் கம்ப்யூட்டரை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

நாச்சிமுத்து முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வீட்டுக்காரி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வயதில் அம்மாவைவிட நன்றாக மூத்தவர். அவர் அம்மாவை அம்மா என்பார், அம்மா அவரை அண்ணா என்பார். புதிதாக வருகிற பக்தர்கள் இந்த உறவுமுறையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் பந்திக்குப் போய்விடுவார்கள்.

கம்ப்யூட்டர் அரிசி மில் தெய்வசிகாமணி கொடுத்தது. அவர் மகனுக்குப் புதுசு வாங்கியபோது பழசு மடத்துக்கு வந்தது. சாதுவான கம்ப்யூட்டர். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, குளித்து, விபூதி பூசி, களி சாப்பிட்டுவிட்டு வந்தால் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஒரு எழுத்தைத் தட்டினால் யோசித்துப் பார்த்துத்தான் திரையில் போடும். நாச்சிமுத்துவும் இரண்டு விரலால் தட்டுகிறவர். அதனால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசுவதை அவர் தட்டி வைப்பார். வாரம் முடிவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

அந்த மாசி மாதம் பெரியம்மாவின் குருபூஜை வந்தது. பெரியம்மா என்பவர் அம்மாவின் குரு. மூன்று வருஷத்துக்கு முன்பு அடக்கமானார். உயிரோடு இருந்தவரை தன் பேச்சைப் பதிவு செய்ய யாரையும் விட்டதில்லை. கடைசியாகப் பேசிய ஒரு பேச்சை மட்டும் ஒரு பக்தர் கெஞ்சிக் கூத்தாடித் தன் செல்போனில் பிடித்தார். அந்தப் போன் பிற்பாடு கிணற்றில் விழுந்துவிட்டது. அதற்குள் பேச்சைப் பென் டிரைவில் ஏற்றியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அதைக் கேட்டுக் கேட்டு நாச்சிமுத்துதான் அப்போது தட்டினார். மடத்துப் பெரிய மனிதர்கள் அதைத் திருத்திச் சிறு புத்தகமாகப் போட்டார்கள். திருத்திய பிறகு பெரியம்மாவின் பேச்சு தாலுகா ஆபீஸ் அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது. யாரும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. வேறு காப்பி எடுக்காமலே பென் டிரைவைப் பித்தளைச் சம்படத்தில் போட்டுப் பூஜை அறையில் வைத்தார்கள். பூவாத்தாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் அதற்கு ஆரத்தி நடந்தது.

குருபூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது தெய்வசிகாமணி வந்தார். நாச்சிமுத்து பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வருசம் பெரியம்மா கொரல எல்லாருங் கேக்கோணுமுங்கம்மா. ஸ்பீக்கரு நானே கொண்டாந்து வெக்கறேன். ஆனா இந்தப் பொட்டிய நம்ப முடியாதுங்க. பாதியில நின்னுபோயிரும்."

"அதுக்கு?"

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தர்றேனுங்க. எம்மச்சான் பையன் கம்ப்யூட்டருதான் படிச்சிருக்கான். அவனே வந்து பாத்துக்குவான். பாவம், நாச்சிமுத்தண்ணனுக்கும் ஒரு ரெஸ்ட்டு."

ரெஸ்ட்டு என்ற வார்த்தையை நாச்சிமுத்து முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். பஸ் முதலாளியும் கடைசி நாளில் இதே வார்த்தையைத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த மடத்தில் வேலை இல்லாதவரைப் போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேலை இல்லாமல் ராமாத்தாள் போடுகிற இலை முன்னால் எப்படி உட்காருவது? அவருக்கு வேறு வீடும் இல்லை.

"அம்மா, குருபூஜை வரைக்கும் டைம் குடுங்க. இந்தப் பொட்டியவே வேகமா ஓட வெச்சுக் காட்டறேனுங்க."

அம்மா அவரைப் பார்த்தார்.

"வேகமா ஓடி எங்கீங்கண்ணா போகோணும்?"

தெய்வசிகாமணி இடையில் புகுந்தார்.

"செரி, அண்ணன் பாக்கட்டுமுங்க. நிக்காம ஓடுச்சுன்னா இதுவே இருக்கட்டும். நின்னா புதுசு."

மறுநாள் நாச்சிமுத்து காங்கேயத்துக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃபாரூக்கின் செல்போன் கடை. ஃபாரூக்கைப் பள்ளிக்கூடப் பையனாகப் படிக்கட்டில் தொங்கவிட்டு ஏற்றிப்போன கண்டக்டர் இவர். அந்த மரியாதை கடையில் இருந்தது.

"இதுக்கு எதுக்குங்ணா புதுசு?" என்றான் ஃபாரூக். "ஒரு பென் டிரைவச் சொருகி, இத வேகத்துக்கு வெச்சுக்கன்னு கம்ப்யூட்டர்ல ஒரு எடத்துல டிக் பண்ணுனாப் போதும். அடிக்கடி வேணுங்கற சாமானத்துல ஒரு காப்பி எடுத்து அதுல வெச்சுக்கும். ஒவ்வொருக்காலும் உள்ள போயித் தேடாது."

"காப்பின்னா? பென் டிரைவப் புடுங்கிட்டா?"

"ஒண்ணும் ஆவாது. ஒரிஜினல் உள்ளயே இருக்கும். வேகந்தான் போயிரும்."

நாச்சிமுத்து ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொண்டு வந்து சொருகி, சொன்ன இடத்தில் டிக் செய்தார். மறுநாள் காலை பொத்தானை அமுக்கிவிட்டுக் களிக்கு உட்கார்ந்தார். பாதிக் களியில் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. மீதிக் களியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். நிஜம்தான். அவருக்கு ராமாத்தாளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டும் காட்டினார். ராமாத்தாள் வந்து பார்த்துவிட்டு, களி ஆறிப்போகும் என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். நாச்சிமுத்துவால் முடியவில்லை. ஒரு ஆளுக்கு இடம் இருந்தால் இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கும் என்று முப்பது வருஷம் நம்பியவர் அவர். உள்ளே போங்க, உள்ளே போங்க என்று சொல்லியே காலம் கழித்தவர். ஒன்றுக்கே இவ்வளவு என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்.

சாயங்காலம் மடத்து வாசலில் ஒரு அட்டை தொங்கியது. வீட்டில் சும்மா கிடக்கும் பென் டிரைவ்களைப் பக்தர்கள் மடத்துக்கு அளித்துப் புண்ணியம் தேடிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

நம் ஜனங்கள் புண்ணியம் என்றால் விட மாட்டார்கள். பென் டிரைவ்கள் வந்து குவிந்தன. பெரும்பாலும் ஃபாரூக் கடையில் வாங்கிய ஒரே கறுப்பு ஜாதி. ஒன்றும் காலியாக வரவில்லை. ஒன்றில் காதுகுத்து வீடியோ இருந்தது. ஒன்றில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காளையை முன்னாலும் பின்னாலும் பிடித்த படம் மட்டும் இருந்தது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் கொடுத்ததில் அவர் தோற்ற தேர்தலின் பிரசாரப் பேச்சு முழுதும் இருந்தது. இதெல்லாம் வேண்டுமா என்று நாச்சிமுத்து ஒவ்வொருவரையும் கேட்டார். வேண்டாமென்றுதானே கொடுத்தோம் என்றார்கள்.

எனவே ஒவ்வொன்றையும் காலி செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா, எதையும் நிரப்புவதற்கு முன்னால் காலி செய்ய வேண்டும் என்று பேசியிருந்தார். அதைத் தட்டியவரும் இவர்தான். குரு சொன்னது இவ்வளவு நேராக வேலைக்கு வருகிறதே என்று அவருக்குப் புல்லரித்தது.

காலி செய்தவற்றையும் முதலில் வாங்கியதையும் சேர்த்துத் தாம்பாளத்தில் அடுக்கினார். அந்தப் பக்கமாக வந்த பூவாத்தாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். தாம்பாளத்தில் எது இருந்தாலும் அவளுக்கு அப்படித்தான். ஒருமுறை வெங்காயத்துக்கும் வைத்திருக்கிறாள்.

பத்தையும் சொருகுவதற்கு ஃபாரூக்கிடம் ஒரு கொத்துப் பிளக் வாங்கி வந்திருந்தார். எல்லாம் ஏறியதும் விளக்குகள் மாரியம்மன் நோம்பிக்குப் போட்ட சீரியல் பல்பு மாதிரி மின்னின. நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

குளித்தார். களி சாப்பிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வந்து பார்த்தார். மின்னிக்கொண்டேயிருந்தது. மத்தியானம் திரை வந்தது. ஒரு எழுத்தைத் தட்டினார். அது சாயங்காலம் வரைக்கும் வரவேயில்லை.

அம்மா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு சொருகுனா வேகமா ஓடுச்சுங்க. பத்து சொருகுனா ஏனுங்க படுத்துக்குது?"

அம்மா கையை நிறுத்தவில்லை.

"உங்க பஸ்ஸுல எத்தன கண்டக்டருங்கண்ணா?"

"நா ஒருத்தன்தானுங்க."

"பத்துப் பேரு இருந்தா?"

நாச்சிமுத்து கண்ணை மூடிப் பார்த்தார். காங்கேயம் ஸ்டாண்டில் பஸ் நிற்கிறது. ஏறுகிற ஒவ்வொருவரையும் பத்துப் பேர் டிக்கெட் கேட்கிறார்கள். வாங்கியாச்சு என்கிறான் பயணி. யாரிடம் என்கிறார்கள் பத்துப் பேரும்.

"விசில் ஊதறவன் ஒருத்தன், நிறுத்தறவன் ஒருத்தன்னு ஆயிப்போகுமுங்க."

"பஸ்ஸு?"

"ஸ்டாண்ட உட்டே கெளம்பாதுங்க."

அம்மா அடுத்த காயை எடுத்தார்.

நாச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. அல்லது, விளங்கிவிட்டது என்று நினைத்தார். ஒருவர் போதும். ஆனால் அந்த ஒருவர் யார்? இருப்பதில் கெட்டிக்காரக் கண்டக்டராகப் பார்த்து வைக்க வேண்டாமா? எல்லாவற்றையும் பிடுங்கித் தாம்பாளத்தில் போட்டார். முதலில் வாங்கியதும் அதே கறுப்புதான், அதுவும் கூட்டத்தில் கலந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சொருகித் தட்டிப் பார்ப்பது, எதில் வேகமாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொண்டு பெரியம்மாவின் பேச்சை ஓட்டுவது என்று முடிவு செய்தார்.

குருபூஜைக்கு முந்தின நாள் காலை. பூஜை அறையிலிருந்து சம்படத்தை எடுத்து வந்தார். பெரியம்மாவின் பென் டிரைவ் வாயில் மூன்று வருஷத்துச் சந்தனம் காய்ந்து கிடந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி, ஈரத் துணியால் துடைத்துச் சொருகினார். 'ஆன் ஆ' என்று பெரியம்மா ஆரம்பித்தார். அதோடு கம்ப்யூட்டர் நின்றது. வேகத்துக்கு ஒன்று இல்லாமல் ஓடாது, இது தெரிந்ததுதானே என்று நினைத்து, அதைப் பிடுங்கித் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்தார். அதுவும் அதே கறுப்பு ஜாதிதான், ஆனால் சந்தனம் இல்லாதது அது ஒன்றுதான். அடையாளத்துக்கு அது போதும்.

ராமாத்தாள் சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அந்த நேரத்தில் பூவாத்தாள் அந்தப் பக்கமாக வந்திருந்தாள். தாம்பாளத்தில் ஒன்று மட்டும் பொட்டில்லாமல் மூளியாகக் கிடப்பதைப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு அவளால் சும்மா போக முடியுமா?

நாச்சிமுத்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். மறுபடி ஒருமுறை சுத்தமாகக் காலி செய்தார், ஏனென்றால் உள்ளே பழைய சரக்கு இருக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். கடைசி ஸ்டாப் வந்தால் எல்லோரும் இறங்க வேண்டியதுதான், முகம் பார்த்தா இறக்குவார்கள்? ஒன்று சுமாராக ஓடியது. ஒன்று சூடாகியது. ஒன்று சுத்தமாக வேலைக்காகவில்லை.

அடுத்து எடுத்தது பறந்தது. நாச்சிமுத்து ஒரு எழுத்தைத் தட்டினார், வந்து நின்றது. ஒரு வரி தட்டினார், வந்து நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டார். முகம் துடைப்பதற்குள் எழுந்துவிட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை எடுத்துத் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டார்.

"புதுசு வேண்டாமுங்க. ஓடுதுங்க. நீங்க ஸ்பீக்கரு மட்டும் கொண்டாங்க, போதும்."

பிறகு பெரியம்மாவின் பேச்சை ஓட்டிப் பார்க்கலாம் என்று தாம்பாளத்தின் ஓரத்தைப் பார்த்தார். எல்லாவற்றிலும் சந்தனம் இருந்தது.

ஒன்றைச் சொருகினார். காலி. அடுத்தது. காலி. தாம்பாளம் முழுதும் முடிந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, கம்ப்யூட்டரில் ஜம்மென்று மின்னிக்கொண்டிருந்த அந்த ஒன்றைப் பார்த்தார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஃபாரூக்கிடம் ஓடினார். ஃபாரூக் அதை வாங்கி என்னென்னமோ செய்து பார்த்தான்.

"வெறுமனே அழிச்சிருந்தாக்கூட எதாச்சும் பண்ணிப் பாக்கலாமுங்ணா. நீங்க வேகத்துக்கு வேற போட்டுட்டீங்க. பழசுக்கு மேலயே நெறைய நெறைய எழுதிருச்சு. இனி வராது."

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நாச்சிமுத்து நின்றுகொண்டே வந்தார்.

அம்மா கிணற்றடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பென் டிரைவை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பெரியம்மா கொரல அழிச்சுப்போட்டேனுங்கம்மா."

நடந்ததை முழுதும் சொன்னார். பூவாத்தாள் பொட்டு வைத்ததை மட்டும் சொல்லவில்லை. அம்மா ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"காலி பண்ணச் சொன்னது நாந்தானுங்களே" என்றார்.

"நீங்க மனசச் சொன்னீங்க. நா இதைய பண்ணிப்போட்டேன்."

"இப்ப இது என்ன பண்ணுது?"

"பொட்டிய வேகமா ஓட்டுதுங்க. இருக்கறதுலயே இதுதான் கெட்டி."

"அப்ப அங்கயே கொண்டுபோயிச் சொருகுங்க. மூணு வருசமா சும்மா ஆரத்தி வாங்கிட்டுக் கெடந்துச்சு."

நாச்சிமுத்து நகரவில்லை.

"ஊரே நாளைக்குக் கேக்க வருதுங்கம்மா. நா இன்னிக்கே கெளம்பிப் போயர்றேன். எம்மூஞ்சிய யாரும் பாக்க வேண்டாம்."

அம்மா அடுத்த துணியைப் பிழிந்தார்.

"அதுல பெரியம்மா என்னதான் பேசியிருந்தாங்க?"

"உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

"நா அன்னிக்கு ஊருல இல்லீங்களே. பொஸ்தகத்துல படிச்சேன். அது அவங்க மாதிரியே இல்ல."

"ஆரம்பத்துல, ஆன் ஆயிருச்சா கண்ணு, லைட்டு எரியுதான்னு கேப்பாங்க."

"அப்பறம்?"

நாச்சிமுத்து சொன்னார். சொல்லிக்கொண்டே போனார். அம்மா துணியெல்லாம் உலர்த்தி முடித்து, வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நாச்சிமுத்து எங்கும் திக்கவில்லை. எப்படித் திக்குவார்? அந்தக் காலத்தில் அவர் ஒரு வரி கேட்டுவிட்டுத் தட்டினால் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். அது எழுந்திருக்கிற வரைக்கும் அந்த வரி மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே இருப்பார். இன்னார் இன்ன ஸ்டாப், இன்னாருக்கு இவ்வளவு சில்லறை பாக்கி என்று முப்பது வருஷம் வாய்க்குள் மென்ற பழக்கம். பேச்சில் இருமல் வந்தால் இருமலும் சேர்ந்து உள்ளே போயிற்று. அதைப் பற்றி அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தினமும் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்ததுதான் அவருக்கு ஞாபகம்.

முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அம்மா எழுந்தார்.

"நாளைக்கு மைக்குக்கு முன்னாடி ஒக்காருங்கண்ணா."

"நானுங்களா? ஏனுங்கம்மா, திட்ட மாட்டாங்களா?"

"திட்டுனா கேட்டுக்கங்க."

குருபூஜை அன்று மடத்தில் உட்கார இடமில்லை. தெய்வசிகாமணி கொண்டுவந்த ஸ்பீக்கர் ஆள் உயரத்துக்கு நின்றது. தாராபுரத்திலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பெரியம்மாவின் குரலைக் கேட்கலாம் என்று தெய்வசிகாமணிதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

அம்மா எழுந்து, பென் டிரைவ் அழிந்துவிட்டது என்று ஒரே வரியில் சொன்னார். எப்படி அழிந்தது என்று சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. தெய்வசிகாமணியின் முகம் சிவந்தது. நாச்சிமுத்து யாரையும் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காததால் ஒரு காலை நீட்டிக்கொண்டார். மைக்கைப் பார்த்தார்.

"ஆன் ஆயிருச்சா கண்ணு? லைட்டு எரியுதா?"

கூட்டம் முனகுவதை நிறுத்தியது. குரல் நாச்சிமுத்துவுடையதுதான், தடித்த ஆம்பிளைக் குரல். ஆனால் அந்த இழுவை பெரியம்மாவுடையது.

"செரி. எல்லாரும் எதுக்கு வந்திருக்கீங்க? சாமியப் பாக்கவா? சாமியப் பாத்து என்ன பண்ணப் போறீங்க? வீட்டுல மாமியார மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல, இங்க வந்து சாமிகிட்டப் பேசறாளாமா."

வெள்ளகோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாச்சிமுத்து இருமினார். மூன்று இருமல், நடுவில் ஒரு இளைப்பு. சமையல்கட்டு வாசலில் நின்ற ராமாத்தாள் சட்டென்று உள்ளே போய் ஒரு டம்ளர் சுடுதண்ணீரோடு வந்தாள். பாதி வழியில் நின்று கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நா சொல்றதக் கேட்டுட்டு, ஆகான்னுட்டு, வாசலத் தாண்டுனதும் உட்டுர்றீங்க. ஏ பூவாத்தா, அந்த ஆடு மாலையத் திங்குது பாரு, வெரட்டு."

பூவாத்தாள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். வாசலில் ஆடு இல்லை. மூன்று வருஷமாக இல்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அதற்குள் நாச்சிமுத்து அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

"உடு, உடு, திங்கட்டும். அதுக்குத்தான் பசி. சாமிக்கென்ன, மாலையத் தின்னா வயிறு ரொம்புமா?"

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் முந்தானையிலும் துண்டிலும் முகம் துடைத்தார்கள். நாச்சிமுத்துவுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கோ கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த வரி, அடுத்த வரி என்று போய்க்கொண்டிருந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். பின்வரிசையில் தூங்குகிறவரை எழுப்பச் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் நிஜமாகவே விழித்தார்.

"அவ்வளவுதான். இன்னும் என்ன பேசறது? எந்திரிச்சுப் போயி அவங்கவங்க வேலையப் பாருங்க. கண்ணு, ஆப் பண்ணு."

நாச்சிமுத்து மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்தவர் தெய்வசிகாமணி. மனிதர் தேம்பிக்கொண்டிருந்தார். பெரியம்மா படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றினார். பூவாத்தாளின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"அண்ணா, நீங்க இனிமே மனுசன் இல்லீங்ணா. உங்குளுக்குள்ள பெரியம்மா இருக்காங்க. இனி அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நீங்க போகப்படாது. பூஜை ரூம்புக்குப் பக்கத்துலயே உங்குளுக்கு ஒரு கட்டில் போட்டர்றேன். சும்மா ஒக்காந்திருங்க. நாங்க வந்து கும்புட்டுக்கறோம். பொட்டிய அந்தப் பையன் பாத்துக்குவான்."

நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தெய்வசிகாமணி மூன்று விரலில் சந்தனத்தைத் தொட்டு நாச்சிமுத்துவின் நெற்றிப் பக்கம் கொண்டுவந்தார்.

நாச்சிமுத்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். நேற்று கிணற்றடியில் நின்றபோதுகூட அவருக்கு இவ்வளவு பயம் வரவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பென் டிரைவுக்கு மொதல்ல சந்தனம் வெச்சது யாருங்க?"

"நாந்தானுங்கம்மா" என்றாள் பூவாத்தாள்.

"வெச்சதுக்கப்பறம் மூணு வருசத்துல யாராச்சும் ஒருத்தரு அதைய எடுத்துக் கேட்டீங்களா?"

தெய்வசிகாமணியின் விரல் நாச்சிமுத்துவின் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

"சந்தனத்தக் கொண்டுபோயி உள்ள வெச்சுருங்க, மில்லுக்காரரே" என்றார் அம்மா. "அவுரு நாளைக்கு வேலை செய்யோணும்."